அடுத்தது என்ன, ஏன் அப்படி: தமிழ்ப் புனைவில் கதைப்பின்னல்

தமிழில் நாவல், சிறுகதை பற்றிப் பேசுகிறவர்களிடையே பல தலைமுறைகளாக ஒரு வழக்கு தீராமல் நடந்துவருகிறது. ஒரு தரப்புக்குக் கதை என்றால் அதில் முடிச்சு இருக்க வேண்டும், திருப்பம் இருக்க வேண்டும், அத்தியாயம் முடிகிற இடத்தில் அடுத்த இதழ் எப்போது வரும் என்று வாசகர் தவிக்க வேண்டும். மறு தரப்புக்கு இதெல்லாம் வாரப் பத்திரிகைச் சரக்கு. நல்ல எழுத்து கதையைத் தாண்டி நிற்பது. முன்னதற்குக் கல்கியைக் காட்டுவார்கள், பின்னதற்கு மௌனியை. க.நா.சு. காலத்து விமர்சனக் கட்டுரைகளில் தொடங்கிய இந்தப் பிரிவினை இன்றைய புத்தகக் கண்காட்சி மேடைகள் வரை நீடிக்கிறது.

இது தமிழ்ப் புனைவுக்கு நன்மை செய்யவில்லை என்பது என் உறுதியான எண்ணம். கதைப்பின்னல் தரக்குறைவானது என்று ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டதால், அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு கலையாக அங்கே யாரும் விரிவாகப் பேசவில்லை. மறு பக்கத்தில் அது விறுவிறுப்பு என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. ஆனால் தமிழின் சிறந்த படைப்புகளைப் பிரித்துப் பார்த்தால், கதையே இல்லை என்று பெயரெடுத்தவற்றிலும் மிகக் கண்டிப்பான ஒரு கட்டுமானம் தென்படுகிறது. ஒரு மனிதர் எடுக்கும் முடிவு, அதற்கு அவர் கொடுக்கும் விலை, அந்த விலை நமக்குத் தெரியவரும் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தக் கட்டுமானம்.

இதைப் பற்றிய ஆராய்ச்சி பழையது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலில் துன்பியல் நாடகத்துக்கு ஆறு உறுப்புகளைச் சொன்னார். அவற்றில் முதலிடத்தைக் கதைப்பின்னலுக்கும் இரண்டாம் இடத்தைப் பாத்திரத்துக்கும் கொடுத்தார். மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைவிட என்ன செய்கிறார்கள் என்பதே நாடகம் என்பது அவருடைய வாதம். நிலைமை தலைகீழாக மாறுவதும், அதுவரை அறியாத உண்மையை ஒருவர் அறிவதும் ஒரே நொடியில் நிகழ்ந்தால் அதுவே மிகச் சிறந்த பின்னல் என்றார். அதற்கு சோஃபக்ளீசின் ஈடிபஸ் நாடகத்தை எடுத்துக்காட்டினார்.

நம்மிடம் அதற்குச் சமமான இடம் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. தன் தேவியின் சிலம்பில் இருப்பவை முத்துப் பரல்கள் என்று பாண்டியனே சொல்கிறான். கண்ணகி உடைக்கும் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறிக்கிறது. நீதி சொல்ல உட்கார்ந்தவன் அந்தக் கணமே குற்றவாளியாகிறான். அதை அவனே அறிந்தும் விடுகிறான். அறிதலும் மாற்றமும் ஒரே பரலில் வந்து விழுகின்றன. இளங்கோவடிகளுக்கு அரிஸ்டாட்டிலைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நல்ல கதைசொல்லிகள் தங்கள் வழியிலேயே இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள்.

சிலப்பதிகாரத்தைப் பின்னோக்கிப் படித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. பாண்டியன் ஏன் விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான்? ஊடல் கொண்ட தேவியைத் தேடிப் போகும் அவசரத்தில் இருந்தான். பொற்கொல்லன் ஏன் கோவலன்மேல் பழி போட்டான்? அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான். கோவலன் ஏன் சிலம்பு விற்க வந்தான்? கைப்பொருள் தீர்ந்திருந்தது. மாதவியை ஏன் பிரிந்தான்? கானல்வரியில் இருவரும் பாடிய பாட்டை ஒருவருக்கொருவர் தவறாகக் கொண்டார்கள். ஊழ்வினையைப் பற்றி நூல் எவ்வளவு பேசினாலும், ஒவ்வொரு கண்ணியையும் பூட்டியிருப்பது ஒரு மனிதரின் பலவீனமான ஒரு நிமிடம்தான். வியப்பு என்னவென்றால், பதிகத்திலேயே கதை முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது. என்ன நடக்கும் என்ற ஆவலை நம்பி அந்தக் காப்பியம் நிற்கவில்லை. துகிலுரிதல் எப்படி முடியும் என்று தெரிந்தே விடிய விடியக் கூத்துப் பார்க்கும் ஊர்க்காரர்களின் மனமும் இதே மரபைச் சேர்ந்தது.

ஆனால் உரைநடைப் புனைவு வந்தபோது இந்தக் கண்டிப்பு உடனே கைகூடவில்லை. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்தில் கிளைக்கதைகளும் அறிவுரைகளும் வேடிக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாள்கிறாள். எதையும் இடம் மாற்றி வைத்தாலும் பெரிய சேதமில்லை. 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்த பி.ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் வேறு வகை. கிராமத்து வம்பும் குடும்பப் பூசலும் ஒன்றிலிருந்து ஒன்றாக முளைக்கும் அதன் முன்பகுதி இன்றும் உயிரோடிருக்கிறது. பின்பகுதியில் வேதாந்தம் கதையை எடுத்துக்கொள்கிறது. பாத்திரங்கள் தாமாக அங்கே போய்ச் சேரவில்லை, ஆசிரியர் அழைத்துப் போகிறார் என்றே எனக்குப் படுகிறது.

காரணம் என்ற இந்த விஷயத்தை எல்லோரும் நினைவில் வைக்கும்படி சொன்னவர் ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர். 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளில், அரசனும் அரசியும் அடுத்தடுத்து இறந்தார்கள் என்பது கதை, அரசனை இழந்த துயரத்தால் அரசி இறந்தாள் என்பது பின்னல் என்று அவர் பிரித்தார். முதலாவதைக் கேட்பவர் ‘அப்புறம்?’ என்பார், இரண்டாவதைக் கேட்பவர் ‘ஏன்?’ என்பார். எளிமையான இந்தப் பிரிவுக்குத் தமிழில் ஒரு சோதனையே நடந்திருக்கிறது. அதைச் செய்தவர் ஜெயகாந்தன்.

1966இல் ஆனந்த விகடனில் அவருடைய அக்கினிப் பிரவேசம் வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். நடக்கக் கூடாதது நடக்கிறது. வீடு திரும்பியவள் அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மா முதலில் பதறினாலும், மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று சொல்லி விஷயத்தை அங்கேயே அடக்கிவிடுகிறாள். கதை முடிந்துவிடுகிறது. தாய் எடுத்த ஒரு முடிவு மகளின் மீதி வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டதால் அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை. கதை பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது, எதிர்ப்புகள் குவிந்தன.

ஜெயகாந்தன் அதற்குப் பதிலாகக் கட்டுரை எழுதிவிட்டு நிற்கவில்லை. அந்த ஒரு முடிவை மட்டும் மாற்றினார். அம்மா விஷயத்தை அடக்காமல் கூச்சலிட்டு அழுதிருந்தால்? அண்ணனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் தெரிந்திருந்தால்? பெண் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறாள். மாமா ஆதரவில் படிக்கிறாள். அந்த ஆதரவிலும் விஷம் இருக்கிறது. உத்தியோகம் பார்க்கிறாள், கெட்டுப்போனவள் என்ற பெயரோடு. ஒருநாள் தன் வாழ்க்கையே ஒரு பத்திரிகையில் கதையாக வந்திருப்பதைப் படிக்கிறாள். அந்தக் கதையில் மட்டும் அம்மா தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியிருக்கிறாள். பிறகு அன்று காரில் ஏற்றிப்போனவனையே தேடிக் கண்டுபிடிக்கிறாள். தினமணி கதிரில் தொடராக வந்து 1970இல் நூலான சில நேரங்களில் சில மனிதர்கள் அப்படிப் பிறந்தது. 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

தொடக்கம் அதே மழை, அதே கார், அதே பெண். ஒரு கண்ணி மாறியதும் ஒரு சிறுகதை ஒரு நாவலாகிவிட்டது. சிறுகதை ஏன் சிறியது, நாவல் ஏன் பெரியது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை. ஒரு செயலின் விளைவை ஒருவர் தடுத்து நிறுத்தினால் சிறுகதை. யாரும் நிறுத்தாமல் விட்டால் அது வீடு, தெரு, அலுவலகம் என்று பரவி நாவலாகிறது. பக்க எண்ணிக்கை பிறகுதான். கதைப்பின்னலை மலிவானது என்று கருதுகிறவர்கள் இந்த இரண்டு படைப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும் என்று நான் வேண்டிக் கேட்பேன். ஒரு சமூகத்தின் முகத்துக்கு நேரே ‘நீங்கள் ஏன் அந்தத் தாயைப் போல நடக்கவில்லை?’ என்று கேட்க ஜெயகாந்தனுக்குக் கிடைத்த கருவி கதைப்பின்னல்தான்.

அடுத்தது, யாருக்கு எது தெரியும் என்ற கணக்கு. தமிழின் முதல் சிறுகதை எது என்ற சர்ச்சையில் தவறாமல் எழும் பெயர் வ.வே.சு. ஐயரின் குளத்தங்கரை அரசமரம், ஆண்டு 1915. அதைச் சொல்வது மரம். ருக்மிணியின் தந்தை செல்வத்தை இழந்ததும் புகுந்த வீட்டார் அவளைத் தள்ளிவைத்து மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். கணவன் நாகராஜனுக்கு அதில் விருப்பமில்லை. பெற்றோருக்கு இணங்குவது போல நடித்துக் கடைசியில் ஏமாற்றிவிட்டு ருக்மிணியோடு போய்விடுவது என்று திட்டமிட்டு, அதை நண்பனிடம் மட்டும் குளத்தங்கரையில் சொல்கிறான். மரம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ருக்மிணிக்கு யாரும் சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள்.

மரம் கதை சொல்வதை ஒரு அலங்காரமாகவே பலரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் கட்டுமானத்தின் கூர்மை தெரிகிறது. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்க முடியாத ஒரு சாட்சி அந்தக் கதைக்குத் தேவைப்பட்டது. உண்மை தெரிந்த வாசகரும் அதே நிலையில்தான் இருக்கிறார். ருக்மிணியை எச்சரிக்க நமக்கும் வழியில்லை. நோக்குநிலை என்று வகுப்பறையில் தனிப் பாடமாகச் சொல்லித்தரப்படுவது கதைப்பின்னலிலிருந்து பிரிக்க முடியாதது என்பதற்கு நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தக் கதை போதும்.

இதே கணக்கைப் பேரளவில் நடத்தியவர் கல்கி. 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் பொன்னியின் செல்வனை எழுதியபோது அவர் செய்த மிகச் சிறந்த ஏற்பாடு, வந்தியத்தேவனை ஓலை கொண்டுபோகிறவனாக ஆக்கியது. தூதனுக்கு எல்லா அரண்மனைக் கதவும் திறக்கும். ஆனால் அவனுக்குச் சோழ நாட்டு அரசியல் எதுவும் தெரியாது. வாரந்தோறும் புதிதாகச் சேரும் வாசகருக்கும் எதுவும் தெரியாது. இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்கிறார்கள். ஐந்து பாகங்களைத் தாங்கும் அளவுக்கு இந்த உத்தி வலுவானது. ஒளிந்திருந்து கேட்பதும் தற்செயலாகச் சந்திப்பதும் அளவுக்கு மிஞ்சி வருகின்றன என்பது உண்மையான குறைதான். ஆனால் ஆதித்த கரிகாலன் கொலையை அவர் கையாண்ட விதம் வேறு தரம். அத்தனை பேரும் கொலைக்கான காரணத்தோடு ஒரே அரண்மனையில் கூடுகிறார்கள். கத்தி யாருடையது என்பது கடைசி வரை ஐயமறத் தீர்வதில்லை. முடிச்சு அவிழ்ப்பதில் பெயர்பெற்றவர் தம் மிகப் பெரிய முடிச்சை அவிழ்க்காமல் விட்டார். மறு தரப்பு கவனிக்கத் தவறிய இடம் இது.

கதைப்பின்னலுக்கு வாய்பாடு தந்தவர்களும் உண்டு. ஜெர்மானியரான ஃபிரைடாக் 1863இல் ஐந்து பகுதிகள் கொண்ட நாடகக் கூம்பை வரைந்தார். ரஷ்யரான பிராப் 1928இல் நாட்டுப்புற அற்புதக் கதைகளை 31 செயல்களாகப் பகுத்தார். திரைக்கதைப் பட்டறைகளில் இன்று சொல்லப்படும் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது. எழுதி முடித்ததைச் சரிபார்க்க இவை உதவும். இவற்றை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியவை பெரும்பாலும் ஒரே முகத்தோடு பிறக்கின்றன. நிகழ்ந்த வரிசையும் சொல்லும் வரிசையும் வேறு வேறு என்று ரஷ்ய உருவவாதிகள் பிரித்துக் காட்டியது இவற்றைவிடப் பயனுள்ளது.

அந்தப் பிரிவுக்கு நல்ல எடுத்துக்காட்டு 1982இல் வந்த பூமணியின் வெக்கை. பழைய இலக்கணப்படி கொலை உச்சத்தில் வர வேண்டும். பூமணி அதைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகிறார். அண்ணனைக் கொன்ற வடக்கூரானைச் சிறுவன் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுகிறான். மீதி நாவல் முழுக்க எட்டு நாள் தலைமறைவு: அப்பாவும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து, கிடைத்ததைச் சமைத்துத் தின்று, பழையதைப் பேசித் திரிகிறார்கள். என்ன நடந்தது என்பது முன்பே தெரிந்துவிட்டதால், ஒரு பதின்வயதுப் பையனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது எது என்று பார்க்க நமக்கு எட்டு நாள் அவகாசம் கிடைக்கிறது. பழிவாங்கும் கதைக்குரிய வெறி வாசகருக்குள் ஏறாமல், அந்தக் குடும்பத்தின் மேல் அக்கறை ஏறுகிறது. வரிசையை மாற்றியதால் கதையின் அறமே மாறிவிட்டது. இதே நாவலிலிருந்து பிறந்த அசுரன் திரைப்படம் 2019இல் வேறு வரிசையை எடுத்தது. இரண்டையும் ஒப்பிட்டால் வரிசையின் பலம் இன்னும் நன்றாகப் புரியும்.

சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள் 1981இல் வந்தபோது, இதில் கதை எங்கே என்று கேட்டார்கள். நாயகன் இறந்த செய்தியோடு அது ஆரம்பிக்கிறது. பிறகு வருபவை ஒருவரின் தேடலும் நாட்குறிப்புகளும். ஆனால் ஜே.ஜே. என்ற மனிதனை முழுதாக அறிய முடியுமா என்ற ஒரே கேள்வி அந்தப் பக்கங்களை இழுத்துக்கொண்டு போகிறது. நிகழ்ச்சிகளின் பின்னலுக்குப் பதில் எண்ணங்களின் பின்னல். அது தளரும் பக்கங்களில் நாவலும் தளர்கிறது. அதை ஒப்புக்கொள்வதில் அந்த நாவலுக்கு அவமரியாதை இல்லை.

பின்னலே இல்லாததாகத் தோன்றும் எழுத்துக்கு நம்மிடம் மிகப் பழைய முன்னோடி இருக்கிறது. அகப்பாடல் ஒன்றில் ஒருவர் பேசுகிறார். தலைவியோ தோழியோ செவிலியோ. சில அடிகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. பெயர் இல்லை, முன்கதை இல்லை. ஆனால் களவு, உடன்போக்கு, கற்பு, பிரிவு என்ற நீண்ட கதை முழுவதும் கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் குரல் அதில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை நிலமும் பொழுதும் பறவையும் பூவும் சொல்லிவிடுகின்றன. தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று வகுத்ததை இன்றைய சொல்லில் களம், சூழல், உணர்வு என்று கொள்ளலாம். பின்னல் பாட்டுக்கு வெளியே, மரபில் இருக்கிறது. மௌனியின் கதைகளைப் படிக்கும்போது இதே உழைப்பை வாசகர் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் மௌனிக்கு அந்தப் பொது மரபின் துணை இல்லை. அதனால் சில கதைகளில் வாசகர் வெறுங்கையோடு நிற்க நேர்கிறது. அவரைப் பின்பற்றியவர்களிடம் இது இன்னும் அதிகம்.

கு.ப.ராஜகோபாலனின் விடியுமா வேறு பாடம் சொல்கிறது. குஞ்சம்மாளின் கணவர் சென்னை ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாக இருப்பதாகத் தந்தி வருகிறது. அவளும் உடன்பிறந்தவனும் இரவு ரயிலில் கிளம்புகிறார்கள். வழியெல்லாம் பேச்சு, மௌனம், சகுனம், பழைய ஞாபகம். இதை உணர்ச்சிச் சித்திரம் என்றே விமர்சனம் வகைப்படுத்தும். ஆனால் தந்தி வந்த முதல் நிமிடத்தில் ஒரு கேள்வி எழுந்துவிட்டது. பதில் ரயில் பயணத்தின் மறுமுனையில் காத்திருக்கிறது. இரவு முழுவதும் எதைச் செய்தும் அதை விரைவுபடுத்த முடியாது. துப்பறியும் கதைக்கும் இதற்கும் எலும்புக்கூடு ஒன்றே.

அசோகமித்திரனின் புலிக்கலைஞனில் ஸ்டூடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு வருகிறவன் புலியாகவே மாறி ஆடிக் காட்டுகிறான். பிறகு அவனுக்கென்று ஒரு வேடம் கூடி வரும்போது ஆள் கிடைப்பதில்லை. எவ்வளவு அடங்கிய குரலில் சொன்னாலும் அது தலைகீழ் மாற்றம்தான். சா. கந்தசாமியின் சாயாவனத்தில் எதிரி என்று ஒரு மனிதரே கிடையாது. கரும்பாலை வைக்க ஒருவன் வனத்தை அழிக்கிறான். ஊருக்குப் புளி கொடுத்த மரங்களும் சேர்ந்து எரிகின்றன. முடிவு, விலை, விலை தெரியவரும் நேரம் மூன்றும் அங்கே அப்படியே இருக்கின்றன.

தெரிந்த கதையை எடுத்து அதன் முடிவுக்கு அப்பால் ஓரடி வைத்தவர் புதுமைப்பித்தன். 1943இல் வந்த சாபவிமோசனத்தில் ராமன் கால் பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, சீதையிடமிருந்து தீக்குளிப்பைப் பற்றிக் கேட்கிறாள். கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். தன்னை விடுவித்தவனே அப்படிச் செய்தான் என்ற அறிதல் அவள் பெற்ற விடுதலையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பாண்டியன் அவையில் நடந்தது போலவே, அறிதலும் மாற்றமும் இங்கே ஒரே கணத்தில் வருகின்றன.

கடைசியாக, எதை நிகழ்ச்சி என்று கணக்கில் எடுப்பது என்ற கேள்வி. கொலை, சபதம், கல்யாணம், ஓட்டம் போன்றவையே நீண்ட காலம் நிகழ்ச்சிகளாக எண்ணப்பட்டன. பெண்கள் தங்கள் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் அறைகளில் நடப்பவை பின்னணி வருணனையாக ஒதுக்கப்பட்டன. 1988இல் நூலான அம்பையின் வீட்டின் மூலையில் ஒரு சமையலறை இந்தக் கணக்கையே மாற்றியது. ராஜஸ்தானத்துப் பெரிய குடும்பம். இருண்ட, ஒடுங்கிய சமையலறை. வெளியிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி அங்கே கொஞ்சம் இடமும் வெளிச்சமும் கூட்டலாமே என்று யோசனை சொல்கிறாள். அவளோடு யாரும் வாதாடுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்தும் கொடி கட்டப்படுகிறது; இதுவரை தெரிந்த மலையும் மறைந்துபோகிறது. ஒரு கோரிக்கை, அதற்கு நேர்மாறான விளைவு, அந்த வீட்டில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்ற அறிதல்: அரிஸ்டாட்டில் கேட்ட உறுப்புகள் எல்லாம் ஒரு கொடிக்கயிற்றில் இருக்கின்றன. அம்பையின் கருத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கயிற்றை எந்தப் பக்கத்தில், எந்த வாக்கியத்துக்குப் பிறகு அவர் கட்டினார் என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நம் விமர்சனம் இனி அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.